கப்பலேறிய கல் வீடு

நியூ ஜெர்சியின் எடிசனுக்குப் புதிதாகக் குடிவரும் நம்மவர்கள், ஊருக்குப் பெயர் தந்த தாமஸ் ஆல்வா எடிசனின் மென்லோ பார்க் ஆய்வுக்கூடத்தை ஊருக்குள்ளேயே தேடுவதுண்டு. கிறிஸ்டி தெருவில் நினைவுக் கோபுரம் நிற்கிறது. பக்கத்தில் சிறிய அருங்காட்சியகமும் உண்டு. ஆய்வுக்கூடம் மட்டும் இல்லை. அதைப் பார்க்க மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்னுக்குப் போக வேண்டும். மிஞ்சிக் கிடந்த மரம், செங்கல், சாமான் எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டு போய், கிரீன்ஃபீல்டு வில்லேஜ் என்ற தன் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் அதை மறுபடி எழுப்பியவர் ஹென்றி ஃபோர்டு. கட்டடத்தோடு அவர் நிற்கவில்லை. அது நின்ற இடத்துச் செம்மண்ணையும் வெட்டி ரயிலில் ஏற்றிப் போனார். 1929 அக்டோபர் 21 அன்று திறப்பு விழாவுக்கு வந்த எடிசன், எல்லாம் சரியாக இருக்கிறது, தரைதான் எங்கள் காலத்தில் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை என்று சொன்னதாக ஒரு கதை உண்டு.

அடுத்த ஆண்டே ஃபோர்டு இன்னொரு கட்டடத்தைக் கழற்றினார். அது இங்கிலாந்தில் இருந்தது. கிளாஸ்டர்ஷயரில் காட்ஸ்வோல்ட் குன்றுகளுக்கு நடுவே செட்வொர்த் என்ற கிராமம். அங்கே 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய ஒரு கல் வீடு. ஃபோர்டின் இங்கிலாந்து முகவர் ஹெர்பர்ட் மார்ட்டன் அதைப் பேசி முடித்தார். அங்கேயே பழுது பார்த்து, ஃபோர்டின் ரசனைக்கு ஏற்பச் சில இடங்களைத் திருத்தி, கல்லுக்குக் கல் எண் போட்டுப் பிரித்தார்கள். கற்கள் மூட்டைகளிலும் கதவு, ஜன்னல், உத்தரங்கள் பெட்டிகளிலும் போயின. ஃபாஸ் கிராஸ் ரயில் நிலையத்திலிருந்து வேகன்களில் கிளம்பி, கப்பலேறி, அட்லாண்டிக்கைத் தாண்டி டியர்பார்ன் வந்து சேர்ந்தன. அடுக்கிக் கட்ட இங்கிலாந்திலிருந்தே கைதேர்ந்த ஆட்கள் வந்தார்கள். ஸ்னோஸ்ஹில் கிராமத்திலிருந்து ஒரு கொல்லன் பட்டறையும் கூடவே வந்தது. இன்றைக்கும் அந்த வீட்டைப் போய்ப் பார்க்கலாம்.

இது கல் வீடு கடல் கடந்த ஒரு வழி. இதற்கு 250 ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு வழியில் அது நியூ ஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் வந்துவிட்டது. அந்த முறை வந்தது கல் அல்ல, கட்டத் தெரிந்த கை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆங்கிலேயப் பண்ணைவீடு என்றால் என்ன, அதில் எது மாறும், எது மாறாது என்பது பிடிபடும். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், சுவரிலிருந்து ஆரம்பிப்போம்.

சுவர்

காட்ஸ்வோல்ட் குன்றுகள் சுண்ணாம்புக்கல்லால் ஆனவை. சுமார் 17 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலின் அடியில் படிந்த கல். ஒரு துண்டைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தால், மீன் முட்டையை அள்ளி ஒட்டவைத்தது போலச் சின்னச் சின்ன உருண்டைகள் தெரியும். இரும்பு கலந்திருப்பதால் இளமஞ்சள் நிறம். குவாரியிலிருந்து வெட்டி எடுத்த புதிதில் இது மிருதுவாக இருக்கும்; உளிக்கு நன்றாக வசப்படும். காற்றுப் பட்டு உள்ளீரம் வற்றிய பிறகு இறுகிவிடும். ஜன்னல் சட்டத்துக்கும் கதவு நிலைக்கும் நுணுக்கமாகச் செதுக்க இதைவிடத் தோதான கல் கிடையாது.

அந்தக் காலத்தில் கல்லை வெட்டுவதைவிட இழுத்துவருவதுதான் பெரிய செலவு. ஆகவே கிராமத்துக் குவாரிக் கல்லே கிராமத்து வீடு. செட்வொர்த்தில் 1864இல் மண்ணுக்கடியில் ஒரு ரோமானிய மாளிகை அகப்பட்டது. அதுவும் இதே கல்தான். இடையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருந்தும் கல் அதே கல்.

சுவர் ஒன்றரை அடியிலிருந்து இரண்டடி வரை தடிமன் இருக்கும். ஒரே கல் அத்தனை தடிமன் என்று நினைத்துவிடக் கூடாது. வெளிமுகம் ஒரு வரிசை, உள்முகம் ஒரு வரிசை, நடுவில் சில்லுக் கல்லும் கலவையும். இப்படியே விட்டால் கூரைப் பாரத்தில் இரண்டு முகமும் ஆளுக்கொரு பக்கம் பிதுங்கிக்கொள்ளும். அதனால் அங்கங்கே ஒரு நீளக் கல்லைக் குறுக்கே போட்டு இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வைப்பார்கள். மூலைகளில் மட்டும் நன்றாகச் சதுரித்த பெரிய கற்கள், ஒன்று இந்தச் சுவரில் நீள, அடுத்தது அந்தச் சுவரில் நீள, மாறி மாறி ஏறும். கொத்தனாரின் கைத்திறனைப் பார்க்க வேண்டுமானால் சுவரின் நடுவைப் பார்க்காதீர்கள், மூலையைப் பாருங்கள்.

கலவை சுண்ணாம்பு. அதைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல்லை 900 டிகிரி சூட்டில் சுட்டால் அதிலிருந்து கரியமில வாயு போய்விடும். மிஞ்சுவதைத் தண்ணீரில் போட்டு நீற்றி, மணலோடு குழைத்துப் பூசினால், போன வாயுவையே காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கி மறுபடி கல்லாகும். செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் நடப்பதும் இதுதான், செட்வொர்த்தில் நடப்பதும் இதுதான். நாம் கடுக்காயும் வெல்லமும் சேர்த்தோம், அவர்கள் சேர்க்கவில்லை. இந்தச் சுண்ணாம்புக் காரை கல்லைவிட மிருதுவானது, ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடக்கூடியது. இந்த இரண்டு குணத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

கூரை

காட்ஸ்வோல்ட் வீட்டின் கூரையும் கல்தான். சுவருக்கு ஒரு படிவத்துக் கல் என்றால், ஓட்டுக்கு ஏடு ஏடாகப் பிரியக்கூடிய வேறு படிவத்துக் கல். அதைப் பிளக்கும் வேலையைப் பனிக்காலத்திடம் விட்டுவிடுவார்கள். வெட்டிய பாளங்களைக் குவாரி ஈரம் காயாமல் வைத்திருப்பார்கள். கடுங்குளிரில் உள்ளேயுள்ள நீர் உறைந்து விரிந்து, ஏடுகளைத் தானே நெகிழ்த்திவிடும். பிறகு சுத்தியலால் தட்டினால் போதும். உறைபனி சரியாக விழாத ஆண்டில் ஓடு தட்டுப்பாடு.

பிரிந்து வரும் ஓடுகள் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரியவற்றைக் கீழே இறவாரத்தில் போட்டு, மேலே போகப் போகச் சிறிதாக்கி, முகட்டருகே கையகல ஓட்டில் முடிப்பார்கள். பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அல்ல. கூரை முழுவதன் மழைநீரும் வழிவது கீழ்வரிசை மீது. அங்கே இணைப்புகள் குறைவாக இருப்பது நல்லது. குவாரியில் விழுந்த எந்தத் துண்டும் வீணாகாது என்பது இன்னொரு லாபம்.

இந்த ஓடு கரடுமுரடானது, ஒன்றோடொன்று படிந்து உட்காராது. இடுக்கில் நீர் தேங்காமல் ஓட வேண்டுமானால் சரிவு செங்குத்தாக இருக்க வேண்டும். பொதுவாக 50 பாகையை ஒட்டி இருக்கும். 100 சதுர அடிக் கூரை ஏறக்குறைய ஒரு டன் கனக்கும். அதைச் சுமக்கக் கனத்த ஓக் மரச் சட்டங்கள், அந்தச் சட்டங்களைச் சுமக்க இரண்டடிச் சுவர். கூரை உயரமாகப் போவதால் அதற்குள்ளேயே ஒரு மாடி கிடைத்துவிடுகிறது. தானியமும் பாலாடைக்கட்டியும் வைக்கலாம், வேலையாள் படுக்கலாம். அந்த மாடிக்கு வெளிச்சம் வேண்டும், அதனால் கூரைக்குள்ளிருந்து முக்கோணச் சுவரோடு எட்டிப் பார்க்கும் ஜன்னல். வாழ்த்து அட்டைகளில் நாம் பார்க்கும் அந்த வடிவம் யாரோ வரைந்து பார்த்துத் தேர்ந்தெடுத்ததல்ல. ஓடு அப்படி இருந்ததால் கூரை அப்படி, கூரை அப்படி ஆனதால் வீடு அப்படி.

ஜன்னலும் அடுப்பும்

ஜன்னல்கள் ஏன் அவ்வளவு குறுகலாக, கல் தண்டுகளால் இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து கிடக்கின்றன? குளிருக்காக என்பார்கள். பாதிதான் உண்மை. கல்லின் மேல் எவ்வளவு பாரம் வைத்தாலும் அமுங்காமல் தாங்கும். ஆனால் குறுக்கே உத்தரமாகப் போட்டால் அதன் அடிப்பக்கம் இழுபடும், இழுவையைத் தாங்கக் கல்லால் ஆகாது. நீளம் கூடினால் நடுவில் விரிசல் விழும். நம் கோயில்களில் ஆயிரங்கால் மண்டபத்துத் தூண்கள் அவ்வளவு நெருக்கமாக நிற்பதற்கும் காரணம் இதுதான். ஆங்கிலேயக் கொத்தனாருக்கும் அகலமான ஜன்னல் வேண்டுமானால் மேலிருக்கும் லிண்டல் கல்லுக்கு நடுநடுவே முட்டுக் கொடுத்தாக வேண்டும். அந்த முட்டுதான் ஜன்னலைப் பிரிக்கும் கல் தண்டு. லிண்டலுக்கு மேலே ஒரு கல் விளிம்பு நீட்டிக்கொண்டு இரண்டு முனையிலும் கீழே மடங்கியிருக்கும். சுவரில் வழிந்துவரும் மழைநீர் ஜன்னலுக்குள் இறங்காமல் பக்கத்தில் தள்ளிவிடும். நம் வீடுகளில் சன்ஷேட் செய்யும் வேலை.

உள்ளே போனால் வீட்டின் நடுநாயகம் அடுப்பு. இடைக்காலத்தில் கூடத்தின் நடுவில் தரையிலேயே தீ மூட்டுவார்கள். புகை கூரை வழியாகப் போகும். அந்த வீட்டுக்கு மேல்மாடி போட முடியாது, போட்டால் புகையில்தான் படுக்க வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் கல் புகைபோக்கி சாதாரண விவசாயி வீட்டுக்கும் வந்தது. தீ சுவரோரம் ஒதுங்கியது; கூடத்துக்கு மேலே தளம் போட்டார்கள்; புகைபோக்கியை ஒட்டிச் சுருள் படிக்கட்டு ஏறியது. 1570க்கும் 1640க்கும் இடையே இங்கிலாந்தின் கிராமங்கள் பெரிய அளவில் திருப்பிக் கட்டப்பட்டன என்று வரலாற்றாசிரியர் டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் 1953இல் எழுதினார். அவர் சொன்ன ஆண்டுகளைப் பற்றிப் பிறகு பல விவாதங்கள் நடந்தன. ஆனால் செட்வொர்த் வீடு அந்த அலையில் எழுந்ததுதான். காட்ஸ்வோல்டில் அதற்கான காசு ஆட்டு ரோமத்திலிருந்து வந்தது.

வீடு ஓர் அறை ஆழம்தான். பதினாறு பதினெட்டு அடிக்கு மேல் நல்ல ஓக் உத்தரம் கிடைப்பது கடினம். அதனால் இடம் போதவில்லை என்றால் வீட்டை அகலப்படுத்த மாட்டார்கள், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டே போவார்கள்.

கையோடு வந்தது

இனி இரண்டாவது பயணம். 1675இல் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஜான் ஃபென்விக், டெலவேர் ஆற்றின் கீழ்ப்பகுதியில் சேலம் என்ற ஊரை உண்டாக்கினார். 1677இல் 'கென்ட்' என்ற கப்பல் லண்டனிலும் யார்க்‌ஷயரிலும் இருந்து வந்த குவேக்கர்களை இறக்கிவிட, பர்லிங்டன் தோன்றியது. இரண்டும் இன்றைய நியூ ஜெர்சியில். ஆற்றின் மறுகரையில் பென்சில்வேனியாவை அமைத்த வில்லியம் பென், புதிதாக வருபவர்களுக்கு 1684இல் ஒரு வழிகாட்டிப் பிரசுரம் வெளியிட்டார். அதில் வீட்டுக்கே அளவு கொடுத்திருக்கிறார்: 30 அடி நீளம், 18 அடி அகலம், நடுவில் ஒரு தடுப்பு, ஒரு பாதியை மறுபடி இரண்டு சிறிய அறைகளாக்க இன்னொரு தடுப்பு. முதலில் மரத்தில்தான் கட்டச் சொன்னார். கை ஊன்றிய பிறகு அவரவர் தங்களுக்குத் தெரிந்த கனமான சுவருக்குத் திரும்பினார்கள்.

எந்தச் சுவர்? அதைக் காலுக்குக் கீழிருந்த மண் முடிவு செய்தது. நியூ ஜெர்சியில் ரூட் 1இல் தினம் வண்டி ஓட்டுபவர்கள் தெரியாமலே ஒரு நிலவியல் எல்லையில் போய் வருகிறார்கள். டிரென்டனிலிருந்து நியூ பிரன்ஸ்விக் வழியாக வடகிழக்கே போகும் அந்தச் சாலை, ஏறக்குறைய பாறை நிலமும் கடற்கரைச் சமவெளியும் சந்திக்கும் கோட்டை ஒட்டி ஓடுகிறது. அதன் வடமேற்கே செம்மணற்கல்லும் களிப்பாறையும். தென்கிழக்கே மணலும் களிமண்ணும். ஃபோர்டு ரயிலில் ஏற்றிய செம்மண், வடமேற்கே பரந்து கிடக்கும் செம்பாறைகளின் சொந்தம்.

ஆகவே சேலம் பக்கத்து ஆங்கிலேயர்களுக்குக் கல் கிடைக்கவில்லை. களிமண்ணைச் செங்கல்லாகச் சுட்டார்கள். சூளையில் நெருப்புக்கு அருகே இருந்த செங்கற்களின் முனை நீலச்சாம்பல் நிறத்தில் கண்ணாடியாக மினுங்கும். அவற்றைப் பொறுக்கி வைத்துச் சுவரிலேயே கோலம் போட்டார்கள். ஹான்காக்ஸ் பிரிட்ஜ் ஊரில் 1734இல் கட்டிய ஹான்காக் வீட்டின் பக்கச் சுவர் முழுக்க வளைந்து வளைந்து மேலேறும் கோடுகள். உச்சியில் கணவன் மனைவி பெயரின் முதலெழுத்துகளும் ஆண்டும். 1722இல் கட்டிய ஏபெல், மேரி நிக்கல்சன் தம்பதியின் வீடும் இதே வகை. தேசிய வரலாற்றுச் சின்னமாக 2000இல் அறிவித்தார்கள்.

ரூட் 1 ஒட்டி ஓடும் அந்த எல்லைக் கோட்டுக்கு வடமேற்கே போய், டெலவேர் ஆற்றை ஒட்டி மேலேறினால் கல் வீடுகள் தொடங்கிவிடும். ஹன்டர்டன் கவுண்டியின் லாம்பர்ட்வில்லில் குவேக்கர் ஜான் ஹோல்கோம்ப் குடும்பத்தின் கல் வீடு இருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டன் 1777இலும் 1778இலும் அங்கே தங்கினார். அது தனியார் வீடு, வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. உள்ளே நுழைந்து சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் பாலத்தைத் தாண்டிப் பென்சில்வேனியாவின் பக்ஸ் கவுண்டிக்குப் போங்கள். வாஷிங்டன் கிராசிங் பூங்காவைச் சேர்ந்த தாம்சன்-நீலி வீடு அங்கே இருக்கிறது. 1776 டிசம்பரில் வாஷிங்டனின் படை ஆற்றைக் கடக்கக் காத்திருந்தபோது நோயாளிச் சிப்பாய்களை வைத்திருந்த பண்ணைவீடு இது.

அதன் முன்னால் நின்று பாருங்கள். 1740 வாக்கில் தொடங்கி 1788 வரை பல தவணையில் வளர்ந்த வீடு. வீட்டை நீளவாக்கில் நீட்டும் அந்தப் பழைய பழக்கம் அப்படியே இங்கே இருக்கிறது. கூரை மட்டங்கள் ஒன்றுபோல இல்லை. கல் வரிசையின் நேர்த்தியும் பகுதிக்குப் பகுதி வேறு. முதலில் கையில் காசில்லை, இருந்த கல்லை அடுக்கினார்கள். பிறகு விளைச்சல் வந்தது, மாவு மில் ஓடியது, நல்ல கொத்தனாரைக் கூப்பிட்டார்கள். ஒரு குடும்பத்தின் வரவு செலவு சுவரிலேயே எழுதியிருக்கிறது.

செட்வொர்த் வீட்டோடு இதை ஒப்பிட்டால் சுவர் அதே சுவர்: இரண்டு முகம், நடுவில் சில்லு, மூலையில் பெரிய கல். அடுப்பு அதே போலச் சுவரோரம். மாறியிருப்பது கூரையும் ஜன்னலும். கல் ஓடு இல்லை, மரச் சில்லுகள். சரிவும் அவ்வளவு செங்குத்தில்லை. கல் தண்டு ஜன்னல் போய், மேலும் கீழும் நகரும் மரச் சட்ட ஜன்னல் வந்துவிட்டது. காரணம் எளிது. இங்கிலாந்தில் நல்ல மரம் அருகிக்கொண்டிருந்தது; அதனால் கல்லால் சரியாகச் செய்ய முடியாத வேலையையும் கல்லிடமே கொடுத்தார்கள். இங்கே விவசாயம் செய்யவே காட்டை வெட்டித்தான் ஆக வேண்டும். மரம் குவிந்து கிடந்தது. உத்தரமாக நீளும் வேலை, மழையைத் தள்ளும் வேலை எல்லாவற்றையும் மரத்திடம் மாற்றிவிட்டு, பாரம் தாங்கும் வேலையை மட்டும் கல்லிடம் விட்டார்கள். ஜன்னல் பெரிதானது, கூரை இலகுவானது. என்னைக் கேட்டால் இது நகல் அல்ல, திருத்திய பதிப்பு.

வடக்கே பெர்கன் கவுண்டியில் இன்னொரு மரபு. அங்கே டச்சு வழிவந்த விவசாயிகள் செம்மணற்கல்லில் கட்டினார்கள். இன்றும் 200க்கு மேற்பட்ட கல் வீடுகள் அந்த கவுண்டியில் மிஞ்சியிருப்பதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். ரிவர் எட்ஜில், ஹாக்கென்சாக் ஆற்றங்கரையில் இருக்கும் ஸ்டூபென் வீடு அவற்றில் பேர்போனது. அந்தப் பகுதியின் பழைய சுவர்களில் சுண்ணாம்பைச் சிக்கனமாக வெளி இணைப்புகளில் மட்டும் வைத்து, உள்ளே வைக்கோல் கலந்த களிமண்ணையே கலவையாக்கினார்கள். களிமண் மழையில் கரையும். அதனால்தான் கூரை விளிம்பைச் சுவரைத் தாண்டி வெளியே வளைத்து நீட்டினார்கள் என்பார்கள். புறநகர்களில் 'டச்சு காலனியல்' என்று சொல்லி விற்கும் வீடுகளில் அந்த வளைந்த இறவாரத்தை இன்றும் காணலாம். அடியிலிருந்த களிமண் போய்விட்டது, அதைக் காக்க வந்த வளைவு மட்டும் அழகுக்காக நிற்கிறது.

இன்றைய கல்

அழகுக்கு நிற்கும் கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளெயின்ஸ்பரோவிலும் மன்ரோவிலும் எழும் புதுவீடுகளில் முன்பக்கம் கல்லாகத் தெரியும், மற்ற மூன்று பக்கமும் வினைல் சைடிங். அந்தக் கல் ஓரிரு அங்குலத் தடிமனுக்குச் சிமென்ட்டில் வார்த்தது. பின்னால் மரச் சட்டமும் பலகையும்தான் வீட்டைத் தாங்குகின்றன. நல்ல வீடுகள்தான், குளிரும் தாங்கும், குறை சொல்லவில்லை. ஆனால் நிஜக் கல் சுவரை அடையாளம் காணத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்குப் போய் உள்திண்டில் கையை வையுங்கள். கண்ணாடிக்கும் அறைக்கும் இடையே முழங்கை நீளம் இருந்தால் அது சுவர். பிரின்ஸ்டனில் 1756இல் திறந்த நாசா ஹாலின் கல் சுவர் 26 அங்குலம். பண்ணைவீடுகளும் ஏறத்தாழ அந்தக் கணக்குதான்.

அப்படியொரு பழைய வீட்டை வாங்கும் தமிழ்க் குடும்பங்களும் இப்போது இருக்கின்றன. விலை படிகிறது, இடம் விசாலம், மரங்கள் சூழ்ந்திருக்கின்றன. அவர்களுக்காகத்தான் காரையின் இரண்டு குணத்தையும் நினைவில் வைக்கச் சொன்னேன்.

கல் சுவருக்குள் ஈரம் வரத்தான் செய்யும். மழையிலிருந்து வரும், தரையிலிருந்து ஏறும், சமையலறை ஆவியிலிருந்தும் வரும். இணைப்புகளில் இருக்கும் சுண்ணாம்பு வழியாக அது மெல்ல வெளியேறிவிடும். கல் வீட்டின் இரகசியம் ஈரமே புகாமல் தடுப்பதில் இல்லை, புகுந்ததை வெளியே விடுவதில் இருக்கிறது. 1824இல் லீட்ஸ் நகரத்து ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். 20ஆம் நூற்றாண்டில் அது மலிவாகி எல்லாக் கொத்தனார் கைக்கும் வந்துவிட்டது. உதிர்ந்த காரையைச் சுரண்டிவிட்டுச் சிமென்ட்டால் பாயின்டிங் செய்வது வழக்கமானது. பார்க்கக் கெட்டியாக இருக்கும். ஆனால் ஈரம் போகும் வழி அடைபட்டுவிட்டது. இனி அது கல் வழியாகத்தான் போக வேண்டும். நியூ ஜெர்சிக் குளிர்காலத்தில் பகலில் உருகி இரவில் உறைவது மாறி மாறி நடக்கும். கல்லுக்குள் தேங்கிய நீர் உறைந்து விரிய, கல்லின் முகம் ஏடாகக் கழன்று விழும். காட்ஸ்வோல்டில் ஓட்டைப் பிளக்க உதவிய அதே உறைபனி, இங்கே சுவரைப் பிளக்கிறது. சில பழைய சுவர்களில் சிமென்ட் கோடுகள் வலைபோல் துருத்திக்கொண்டு நிற்க, நடுவே கற்கள் குழிந்து போயிருப்பதைப் பார்க்கலாம். காரைதான் தேய வேண்டும், கல் தேயக் கூடாது. தேய்ந்த காரையைத் தலைமுறைக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம், தேய்ந்த கல்லை என்ன செய்வது?

அமெரிக்க தேசியப் பூங்காத் துறை இதைப் பற்றியே ஒரு கையேடு வைத்திருக்கிறது. பழைய கட்டடப் பராமரிப்புக்கு அது வெளியிடும் குறிப்புகளின் வரிசையில் 2ஆம் எண், பாயின்டிங் பற்றியது, இலவசமாகக் கிடைக்கும். புதிய கலவை கல்லைவிடவும் பழைய காரையைவிடவும் கெட்டியாக இருக்கக் கூடாது என்பதே அதன் சாரம். கல்லின் மேல் நீர் புகாத பூச்சு அடிக்கச் சொல்லி யாராவது வந்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மழைநீர்க் குழாயைச் சரிசெய்து, மண் சரிவை வீட்டுக்கு வெளிப்புறமாகத் திருப்பினாலே பாதிப் பிரச்சினை தீரும். வீடு வரலாற்றுப் பகுதிக்குள் இருந்தால் வெளித்தோற்றத்தில் கைவைக்கும் முன் ஊர் பாதுகாப்புக் குழுவிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். அதையும் வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

ஃபோர்டு கற்களை மட்டும் கொண்டுவரவில்லை, அடுக்கத் தெரிந்த கையையும் சேர்த்தே வரவழைத்தார். அதனால்தான் அந்த வீடு டியர்பார்னில் இன்னும் நிற்கிறது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். பழைய கல் வீட்டைப் பழுது பார்க்க வரும் கொத்தனாரிடம் கூலி பேசுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: என்ன கலவை போடப் போகிறீர்கள்? சிமென்ட் என்று பதில் வந்தால், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் அவரை அனுப்பிவிட்டு, சுண்ணாம்பு தெரிந்த ஆளைத் தேடுங்கள்.